வரப்பில் நடக்க எந்த டார்ச்?

கேட்கப்பட்டது இது: மன்னார்குடிக்குத் தெற்கே கொஞ்சம் நிலம். வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் தண்ணீர் பாய்ச்சப் போக வேண்டியிருக்கிறது. கைபேசி விளக்கு போதவில்லை. எப்போதும் சட்டைப் பையிலேயே கிடக்கும்படி தரமான சிறிய டார்ச் ஒன்று வேண்டும். பார்த்தவற்றில் ஒன்று 1200 லூமன் வெளிச்சம் என்கிறது, ஒன்று 1600 என்கிறது, இன்னொன்று 90,000 என்கிறது. எதை வாங்குவது?

அந்தத் தொண்ணூறாயிரத்தை முதலில் கழித்துவிடுவோம். இன்றைய நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 முதல் 150 லூமன் தரும். 90,000 லூமன் வேண்டுமென்றால் 600 வாட்டுக்குக் குறையாமல் மின்சாரம் வேண்டும். உங்கள் வீட்டு மிக்ஸியை ஓட்டுகிற அளவு. விரல் தடிமன் உள்ள பேட்டரி ஒன்று அதைத் தராது. தந்தால் உங்கள் கையில் தோல் மிஞ்சாது. பெட்டியில் இப்படி அச்சடிக்கிறவர் மற்ற எண்களையும் இப்படித்தான் அச்சடிப்பார். அந்தப் பெட்டியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மிச்சமுள்ள இரண்டும் நேர்மையான கருவிகள். ஆனால் 1200-க்கும் 1600-க்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் கண் ஏறக்குறையக் கண்டுகொள்ளவே மாட்டாது. வெளிச்சம் இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் லூமன் நான்கு மடங்காவது கூட வேண்டும். கண் அப்படித்தான் அமைந்திருக்கிறது. என் அப்பா மூன்று கட்டை எவரெடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நாற்பது வருடம் இதே வரப்புகளில் நடந்தார். அந்தக் குமிழ் விளக்கு இருபது முப்பது லூமன் கொடுத்திருந்தால் பெரிது. லூமன் குறைவாக இருந்தது அவருக்குக் குறையாகப் படவில்லை. கட்டைகள் தீரத் தீர வெளிச்சம் மஞ்சளாகி மங்கியதும், மறந்துபோய் உள்ளேயே விட்ட கட்டை ஒழுகி ஸ்பிரிங்கை அரித்ததும்தான் குறை.

லூமன் என்பது மொத்த வெளிச்சத்தின் கணக்கு. அது ஒரே இடத்தில் குவிகிறதா, பரவுகிறதா என்பதைச் சொல்வது கேண்டெலா என்கிற இன்னொரு கணக்கு. பெட்டியில் 'தூரம் இத்தனை மீட்டர்' என்று போட்டிருப்பார்களே, அது கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கி வருவது. ஃபீனிக்ஸ் பி.டி. 36 ஆர் டார்ச்சுக்கு 283 மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் ஏறக்குறைய 20,000 கேண்டெலா. இந்த 283 மீட்டருக்கு அப்பால் நிற்கிற மாடு உங்களுக்குத் தெளிவாகத் தெரியும் என்று பொருள் கொள்ளக் கூடாது. எஃப்.எல். 1 என்கிற அமெரிக்கத் தர அளவீட்டின்படி, அந்தத் தூரத்தில் விழும் வெளிச்சம் கால் லக்ஸ், அதாவது பௌர்ணமி நிலவொளி அளவு. உருப்படியாக எதையாவது அடையாளம் காண வேண்டுமானால் போட்டிருக்கும் தூரத்தில் பாதியையோ மூன்றில் ஒரு பங்கையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே அளவீட்டில் இன்னொரு சூட்சுமம் உண்டு. லூமனை அளப்பது விளக்கைப் போட்ட அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்குள். எத்தனை மணி நேரம் எரியும் என்பதைக் கணக்கிடுவது வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை. ஆகவே 1200 லூமன், இரண்டு மணி நேரம் என்று படித்தால், 1200 லூமன் இரண்டு மணி நேரம் எரியும் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் எந்த டார்ச்சும் உச்ச வெளிச்சத்தில் சில நிமிடங்களிலேயே சூடாகி, தானாகவே முந்நூறு நானூறுக்கு இறங்கிக்கொள்ளும். அந்த இறங்கிய வெளிச்சம்தான் உங்களுக்குச் சொந்தம். அது எவ்வளவு, எத்தனை நேரம் ஏற்ற இறக்கமில்லாமல் நிற்கிறது என்று பாருங்கள்.

இனி வயலுக்கு வருவோம். இரவில் வரப்பில் நடக்கிறவருக்கு வேண்டியது காலடியிலிருந்து பத்துப் பதினைந்து அடி வரை இடவலமாகவும் சேர்த்து ஒரே சீராக விழும் வெளிச்சம். அதற்கு 100 லூமன் தாராளம். குவிந்த கற்றை உள்ள டார்ச் நடுவில் ஒரு வட்டத்தை வெள்ளையாகச் சுட்டெரிக்கும், அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஓரங்கள் இருட்டிவிடும். பாம்பு ஓரத்தில்தான் கிடக்கும்.

பாம்பு என்றதும் நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் லூமனைவிட இதற்குத்தான் காசு கொடுக்க வேண்டும். வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி.; மேலே மஞ்சள் பூச்சு. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காகத்தான் 2014-இல் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். மலிவான பூச்சில் நீலம் தூக்கலாக இருக்கும், சிவப்பு மிகக் குறைவாக இருக்கும். அந்த வெளிச்சத்தில் பழுப்பு, செம்மண் நிறம், காய்ந்த இலை, ரத்தம் எல்லாம் சாம்பலாகிவிடும். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனை சி.ஆர்.ஐ. என்று நூறுக்கு அளக்கிறார்கள். சாதாரண டார்ச்சுகள் எழுபதை ஒட்டி இருக்கும். நிச்சியா 519ஏ, சாம்சங் எல்.எச். 351டி போன்ற எல்.இ.டி.கள் தொண்ணூறைத் தாண்டும். கூடவே ஒளியின் நிற வெப்பநிலையையும் பாருங்கள்: 6500 கெல்வின் நீலம் பாய்ந்த வெள்ளை, 4000-இலிருந்து 5000 வரை கண்ணுக்கு இதமானது.

ஒரு தை மாதம், அறுவடை முடிந்து களத்தில் வைக்கோல் கிடந்தது. இரவு எட்டரை இருக்கும். மருமகன் முன்னால் போகிறான், கையில் நீல வெளிச்சம் அடிக்கிற கடைத்தெரு டார்ச். "மாமா, பிரி ஒன்று கிடக்கிறது, எடுத்துப் போட்டுவிடவா?" என்றான். குனியப் போனவனைத் தடுத்து என் விளக்கைப் போட்டேன். அவன் வெளிச்சத்தில் முறுக்கிய வைக்கோல் பிரி போலச் சாம்பலாகக் கிடந்தது, என் வெளிச்சத்தில் பழுப்பேறியது. முதுகில் கருவளையம் போட்ட முட்டை வடிவப் புள்ளிகள் மூன்று வரிசையாக எழுந்தன. கண்ணாடிவிரியன். அது சீறிய சத்தம் குக்கர் சத்தம் போல இருந்தது. பிறகு அவனே பழைய டார்ச்சைத் தூக்கி வீட்டுப் பரணில் போட்டுவிட்டான்.

இன்னொன்று, இதற்குக் காசு வேண்டாம். டார்ச்சைக் கண்ணுக்கு அருகில் உயர்த்திப் பிடிக்காதீர்கள். இடுப்புக்குக் கீழே, முன்னோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். ஒளி தாழ்வாகப் பாய்ந்தால் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நிழல் விழும்; வரப்பின் குறுக்கே கிடக்கும் எதற்கும் விழும். தலையில் மாட்டுகிற விளக்கில் ஒளியும் கண்ணும் ஒரே இடத்தில் இருப்பதால் நிழல் தெரியாது, தரை தட்டையாகிவிடும். புல்லில் ஆயிரம் வைரம் கொட்டியது போல மின்னுவது மட்டும் தலைவிளக்கில் நன்றாகத் தெரியும். அவை சிலந்திகளின் கண்கள், நடுவில் பெரிதாக மின்னினால் தவளை. பாம்பின் கண் அப்படி மின்னாது. அதை நம்பி நடக்க முடியாது. மார்கழிப் பனியிலும் இதே கணக்குதான்: விளக்கு கண்ணருகே இருந்தால் பனி வெள்ளைச் சுவராகத் திரும்பி அடிக்கும், தாழ்த்திப் பிடித்தால் பாதை தெரியும். மடை வெட்டவும் மோட்டார் பார்க்கவும் இரண்டு கையும் வேண்டுமென்றால் தலைவிளக்கு நல்லது. நடப்பதற்கு அது உதவாது.

தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று தேடும்போதும் தாழ்வெளிச்சம்தான் கைகொடுக்கும். வரப்பில் நண்டு வளை வழியாகத் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்க்கொண்டிருக்கும். மேலிருந்து அடித்தால் கண்ணாடி போல ஒரே பளபளப்பு. டார்ச்சை நீர்மட்டத்தோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், வளை வாயில் சுழிக்கும் சின்னக் குழிவு தனியாகத் தெரியும்.

பேட்டரிக்கு வருகிறேன். இங்கே என் அபிப்பிராயம் கொஞ்சம் பிடிவாதமானது, காரணம் கஜா. 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய அந்தப் புயலில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப மூன்று வாரத்துக்கு மேலாயிற்று. அப்போது என்னிடம் இருந்த அழகான டார்ச் ஒன்றின் பேட்டரியை வெளியே எடுக்கவே முடியாது. நான்காம் நாள் அது வெறும் அலுமினியத் துண்டு. தாலியைப் போல அதைப் பத்திரமாக வைத்திருந்து என்ன பயன்? பெட்டிக்கடையில் ஏழெட்டுப் பென்சில் கட்டை கிடைத்தது, அதைப் போட்டால் எரிகிற ஒரு பழைய சிறு விளக்குதான் அந்த மூன்று வாரமும் வீட்டைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து பேட்டரியைக் கழற்ற முடியாத டார்ச் எதையும் நான் வாங்குவதில்லை, யாருக்கும் சிபாரிசு செய்வதுமில்லை.

பேட்டரியில் நீங்கள் அறிய வேண்டியது இரண்டு வகைகள். ஒன்று 18650: 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளமுள்ள லித்தியம் கட்டை. உண்மையான கொள்ளளவு 3500 மில்லி ஆம்பியர் மணியைத் தாண்டுவது அரிது. 9900 என்று அச்சடித்த கட்டை பொய். பழைய மடிக்கணினியிலிருந்து உருவி மேலே புதுத் தாள் சுற்றியதாகக்கூட இருக்கலாம். இதைவிடச் சற்றுப் பெரியது 21700. 5000 வரை தாங்கும், ஆனால் சட்டைப் பைக்குக் கனம். மற்றது எல்லோருக்கும் தெரிந்த பென்சில் கட்டை, ஏ.ஏ. அதிலேயே திரும்பச் சார்ஜ் ஏற்றும் எனலூப் போன்ற நிக்கல் கட்டைகள் உண்டு. டார்ச்சுக்குள் ஒழுகிக் கெடுக்கும் வழக்கம் ஆல்கலைன் கட்டைகளுக்கே அதிகம் என்பதால், பல மாதம் சும்மா கிடக்கும் விளக்கில் நிக்கல் கட்டையைப் போட்டு வைப்பதே மேல்.

லித்தியம் கட்டையைச் சித்திரை வெயிலில் வண்டி இருக்கைக்கு அடியில் விட்டுவிடாதீர்கள். சார்ஜ் ஏற்றும்போது கண்பார்வையில் இருக்கட்டும். மேலுறை கிழிந்த கட்டையைத் திரும்பப் போடாதீர்கள்.

இப்போது பெயர்களைச் சொல்கிறேன். உங்கள் தேவைக்கு என் முதல் தேர்வு வுர்க்காஸ் எஃப்.சி. 11சி. 18650 கட்டை, கழற்றலாம். உடம்பிலேயே டைப் சி துவாரம், கைபேசி வயர் போதும். நிச்சியா 519ஏ எல்.இ.டி.; அடிப்பாகத்தில் காந்தம். உச்சத்தில் ஆயிரத்துச் சொச்சம் லூமன் வரும், ஆனால் நீங்கள் எப்போதும் இரண்டாம் படியிலேயே ஓட்டுவீர்கள். 4000 அல்லது 5000 கெல்வின் கேட்டு வாங்குங்கள். குறை என்றால் சார்ஜ் துவாரத்தை மூடும் ரப்பர் நாக்கு: ஒரு வருடத்தில் தளரும், நம் சேறு உள்ளே போகும். துடைத்து அழுத்தி மூடும் பழக்கம் வேண்டும்.

கான்வாய் எஸ் 2 பிளஸ் டார்ச் பிரியர்களின் பழைய செல்லப்பிள்ளை. துவாரம் இல்லை, தனிச் சார்ஜர் வேண்டும். அதனாலேயே தண்ணீர் புகும் வழி ஒன்று குறைவு. பின்னால் 'டக்' என்று விழும் இயந்திர சுவிட்ச். எல்லாவற்றையும் கழற்றி மாட்டலாம், எல்.இ.டி.யையும் விரும்பியபடி கேட்கலாம். ஆனால் வாங்குவது சிரமம். இது அதிகம் விற்ற அலி எக்ஸ்பிரஸ் செயலி 2020 நவம்பரில் இந்திய அரசு தடை செய்த பட்டியலில் சேர்ந்துவிட்டது.

நீங்கள் 1600 என்று பார்த்தது ஃபீனிக்ஸ் பி.டி. 36 ஆர் ஆக இருக்கும். கல் போன்ற கட்டுமானம், 21700 கட்டை, நல்ல தூரம். தென்னந்தோப்புக் காவலுக்கும் ஆற்றங்கரையில் எதிர்க்கரையைப் பார்க்கவும் இதை அடிக்க ஆளில்லை. வரப்புக்கு இது அதிகம், வெளிச்சமும் குளிர்வெள்ளை. விலையும் முதல் தேர்வைப் போலப் பல மடங்கு.

1200 என்பது ஓலைட் பேட்டன் 3 என்று ஊகிக்கிறேன். கட்டைவிரல் நீளம்தான், நகை போல இருக்கும், பையில் இருப்பதே தெரியாது. காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் அதன் சொந்த வயரில்தான் சார்ஜ் ஏறும். வயர் தொலைந்தால் மன்னார்குடியிலும் கிடைக்காது, தஞ்சாவூரிலும் கிடைக்காது. உள்ளே இருப்பது சின்னக் கட்டை, ஓர் இரவுப் பாய்ச்சலுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். திருமணத்துக்குப் பரிசளிக்க நல்ல பொருள்.

வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கு சோஃபிர்ன் எஸ்.பி. 10 புரோவை நான் கொடுப்பதுண்டு. பென்சில் கட்டையிலும் எரியும், அதே அளவுள்ள 14500 லித்தியம் கட்டையிலும் எரியும், நிறமும் நன்றாகக் காட்டும். ஆனால் அதன் பொத்தானில் ஒரு சொடுக்கு, இரண்டு சொடுக்கு, நான்கு சொடுக்கு என்று பெரிய சடங்கே இருக்கிறது. என் அம்மா ஒருமுறை ஏதோ அழுத்தி அது மின்னல் வெட்டுவது போலத் துடிக்க ஆரம்பித்தது. "இதை நீயே வைத்துக்கொள், எனக்குச் சிம்னி போதும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்கு இப்போது ஓலைட் ஐ3டி. ஒற்றைக் குட்டிப் பென்சில் கட்டை, பின்னால் ஒரு பொத்தான், மெல்லிய வெளிச்சம் ஒன்று, பலத்த வெளிச்சம் ஒன்று, அவ்வளவுதான். தலையணைக்கு அடியில் இருக்கிறது. நள்ளிரவில் பாயிலிருந்து காலைக் கீழே வைக்கும் முன் அதைப் போட்டுத் தரையைப் பார்க்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். கட்டுவிரியன் இரவில்தான் வீட்டுக்குள் வரும், கடித்தது தெரியாமலும் கடிக்கும். இதற்கு ஐந்து லூமன் போதும். பெரிய வெளிச்சம் போட்டால் இருட்டுக்குப் பழகிய கண் திரும்பப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும்.

சுவிட்ச் பற்றிச் சொல்லாமல் விட்டால் உங்கள் சட்டை என் மேல் வழக்குப் போடும். பக்கவாட்டில் மெல்லிய மின்னணுப் பொத்தான் உள்ள டார்ச் பையில் அழுந்தித் தானே எரியத் தொடங்கும். எனக்கு நடந்தது திருவாரூர் பஸ்ஸில், நின்றுகொண்டு போகும்போது. நெஞ்சருகே ஏதோ கதகதக்கிறதே என்று நினைத்து முடிப்பதற்குள் நைலக்ஸ் துணி பொசுங்கும் வாடை. பக்கத்து இருக்கைக்காரர்தான் முதலில் கண்டுபிடித்தார். பையில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. தோலில் ஒரு வாரம் தழும்பு. தவறு என்னுடையது. பையில் போடும் முன் வால்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டால் போதும், மின்சாரம் அறுந்துவிடும். அப்படி அறுப்பதற்கு மரைச் சுற்றில் மின்சாரம் கடத்தாத 'அனோடைஸ்' படலம் ஏறியிருக்க வேண்டும். வாங்கும்போது வால்மூடியைத் தளர்த்திச் சோதித்துப் பாருங்கள். மின்னணுப் பொத்தான் உள்ள டார்ச் அணைந்திருக்கும்போதும் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும் என்பதால் அதற்கும் இதுவே மருந்து.

கடையில் சோதிக்க இன்னொரு வழி. சில டார்ச்சுகள் வெளிச்சத்தைக் குறைக்க, எல்.இ.டி.யைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைத்து ஏற்றும். நிற்கிற பொருளில் தெரியாது. குழாய்த் தண்ணீரில் அடித்துப் பாருங்கள்: நல்ல டார்ச்சில் தண்ணீர் தாரையாகவே விழும், மட்டமான டார்ச்சில் முத்து முத்தாகத் துண்டுபட்டுத் தெரியும். அந்த வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் வேலை செய்தால் சிலருக்குத் தலை வலிக்கும். எனக்கு வலிக்கும்.

காந்தம் உள்ள டார்ச்சை மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டியின் இரும்புக் கதவில் ஒட்டிவிட்டு பியூஸைப் பார்க்கலாம்; மும்முனை மின்சாரம் நடுநிசியில் வந்து, ஒரு முனை மட்டும் இல்லாமல் மோட்டார் உறுமும்போது இதன் அருமை தெரியும். தண்ணீர்த் தடுப்பு ஐ.பி.எக்ஸ் 8, அதாவது தண்ணீரில் முழுகினாலும் தாங்கும் தரம், இருக்கட்டும். ஐப்பசியில் பச்சைத் தத்துப்பூச்சி மொய்க்கும் நாட்களில் மஞ்சள் கலந்த வெளிச்சத்துக்குப் பூச்சி சற்றுக் குறைவாகவே வரும், முகத்தில் அப்பாது.

வாங்கியதும் ஒரு வேலை செய்யுங்கள். இந்த டார்ச்சுகள் எல்லாம் கறுப்பு. நம் மண்ணும் ஈரத்தில் கறுப்பு. அணைந்த டார்ச் சேற்றில் விழுந்தால் விடியும் வரை தேட வேண்டியதுதான். பின்னால் கயிறு கோக்க ஒரு துளை இருக்கும். அதில் கூடவே வரும் கறுப்புக் கயிற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, சந்தையில் மாட்டுக்கு வாங்கும் மஞ்சள் மூக்கணாங்கயிற்றில் ஒரு சாண் வெட்டி முடிந்துகொள்ளுங்கள்.